மாவட்டத்துக்கு இரண்டு சமூகப் பணியாளர்: பயிற்சியும் ஆள் கணக்கும்

திங்கட்கிழமை காலை, நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு பாட்டி, பதினொரு வயதுப் பேரனோடு மனு கொடுக்க வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பையனின் அப்பா ஆழ்கடல் தொழிலில் இறந்துபோனவர். அம்மா திருவனந்தபுரத்தில் வீட்டுவேலை பார்க்கிறார், மாதம் ஒருமுறை வந்துபோகிறார். "மக்ளே, இவன எங்கயாச்சும் ஒரு ஹோம்ல சேத்து விடு. எனக்க காலம் முடிஞ்சா இவனுக்கு ஆரு இருக்கா?" என்கிறார் பாட்டி.

மனு கைமாறி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு வருகிறது. அங்கே அதை வாங்கிப் படிக்கும் சமூகப் பணியாளர் என்ன கற்றவர், அவருடைய மேசையில் இதுபோல் இன்னும் எத்தனை மனு கிடக்கிறது என்பதைப் பொறுத்தே அந்தப் பையனுக்குப் பதினெட்டு வயது ஆகும்வரையிலான காலம் அமையப்போகிறது.

நல்ல மனசு உள்ள, ஆனால் பயிற்சி இல்லாத ஒருவர் இரண்டு இல்லங்களுக்கு ஃபோன் போட்டு, இடம் இருக்கிறதா என்று கேட்டு, ஒரு வாரத்துக்குள் சேர்க்க வழி பார்ப்பார். பாட்டியும் கும்பிட்டுவிட்டுப் போவார். பயிற்சி பெற்றவர் அப்படிச் செய்ய மாட்டார். பாட்டி வாயால் கேட்டது ஹோம். மனசுக்குள் கேட்பது, தனக்குப் பிறகு இவனுக்கு யார் என்பது. இரண்டும் வேறு வேறு கேள்விகள். பையன் இப்போது பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறானா, அம்மா என்ன நினைக்கிறார், சித்தப்பா, மாமா என்று யாராவது இருக்கிறார்களா, பையன் எங்கே இருக்க விரும்புகிறான் என்று அவர் தேடத் தொடங்குவார். இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் 2015, குழந்தையை இல்லத்தில் வைப்பதைக் கடைசி வழியாகத்தான் சொல்கிறது. ஏழ்மை மட்டுமே காரணம் என்றால், மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுத்துக் குடும்பத்திலேயே வளரவிட வழி இருக்கிறது. கிராமப்புறத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கும், மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேற்படக் கூடாது என்பது அதன் வரம்பு. 2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் உண்டு. எது இந்தப் பையனுக்குப் பொருந்தும் என்று பார்த்து முடிவுசெய்வதுதான் சமூகப் பணி. உதவிப் பொருளைக் கையில் கொடுப்பது அதில் ஒரு சிறு பகுதி.

இந்த வேலைக்கு ஆட்களை எப்படித் தயார் செய்கிறார்கள், எத்தனை பேர் வேண்டும் என்பதை எப்படிக் கணக்கிடுவது என்ற இரண்டையும் பொதுவாகத் தனித்தனியே பேசுகிறோம். உண்மையில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. நன்றாகப் படித்துப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் அறுபது கோப்புகளைக் கொடுத்துவிட்டால், அவரும் ஃபோன் போட்டு ஹோமில் இடம் தேடுபவராகத்தான் ஆகிப்போவார்.

யார் எங்கே இருக்கிறார்கள்

சமூகநலத்துறை என்றதும் பலருக்கு இலவசத் தையல் மெஷினும் திருமண உதவியும்தான் நினைவுக்கு வரும். இப்போது சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை என்று பெயர். மாவட்டச் சமூகநல அலுவலர், அவருக்குக் கீழே ஒன்றிய அளவில் சமூகநல விரிவாக்க அலுவலர், மகளிர் ஊர்நல அலுவலர் என்று ஒரு வரிசை இருக்கிறது. குழந்தைத் திருமணத் தடுப்பு, வரதட்சணைத் தடுப்பு, 2007-ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் சமரசம் ஆகியவை இவர்கள் தலையில். குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இன்படி பாதுகாப்பு அலுவலர் ஒருவர் உண்டு. அடிபட்டு வரும் பெண்ணுக்காகக் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்புபவர் அவர். ஒருங்கிணைந்த சேவை மையத்தில் மைய நிர்வாகி, ஆலோசகர், வழக்குப் பணியாளர்கள் இருக்கிறார்கள். அங்கே ஒரு பெண் ஐந்து நாள் வரை தங்கலாம். பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழைத்தால் போய்ச் சேருவதும் இந்த வலைக்குள்தான்.

குழந்தைகளுக்குத் தனி ஏற்பாடு: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. சமூகப் பாதுகாப்புத் துறை என்று முன்பு இருந்த பெயரை இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை என்று மாற்றியிருக்கிறார்கள். மிஷன் வாத்சல்யாவின் 2022 வழிகாட்டுதல்படி ஓர் அலகில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் ஒருவர், நிறுவனம் சார்ந்த (இல்லத்தில் வைத்துத் தரும்) பாதுகாப்புக்கும் நிறுவனம் சாராத (குடும்பத்தில் வைத்துத் தரும்) பாதுகாப்புக்கும் ஒவ்வோர் அலுவலர், சட்டம் சார்ந்த நன்னடத்தை அலுவலர் ஒருவர், ஆற்றுப்படுத்துநர் ஒருவர், சமூகப் பணியாளர் இருவர், புறத்தொடர்புப் பணியாளர் இருவர், மேலும் கணக்காளர், தகவல் பகுப்பாளர், கணினி உதவியாளர் இருப்பார்கள். 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கான ஆட்கள் தனி.

இரண்டு சமூகப் பணியாளர் என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மாவட்டமோ சின்ன மாவட்டமோ, எண் அதுதான். 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்கள்தொகை 18,70,374. ஒன்பது ஊராட்சி ஒன்றியங்கள், 95 ஊராட்சிகள், அதுபோக ஐம்பதை ஒட்டிய பேரூராட்சிகள்.

படிப்பு என்ன தருகிறது, என்ன தருவதில்லை

சமூகப் பணி முறையான படிப்பாக இந்தியாவில் வந்தது 1936-இல், பம்பாயில் டாட்டா அறக்கட்டளை தொடங்கிய பள்ளியில். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியால் 1952-இல் சென்னை சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது. இன்று மூன்றாண்டு இளங்கலையும் இரண்டாண்டு எம்.எஸ்.டபிள்யூ. முதுகலையும் பல கல்லூரிகளில் உண்டு.

தனிநபருடன் பணி, குழுவுடன் பணி, சமுதாயத்தை ஒருங்கிணைப்பது, நல நிர்வாகம், ஆய்வு, சமூகச் செயல்பாடு என ஆறு முறைகளைக் கற்பிப்பார்கள். ஆனால் படிப்பின் உயிர் வகுப்பறையில் இல்லை, களப்பணியில்தான். பெரும்பாலும் வாரத்தில் இரண்டு நாள் மாணவர் ஓர் அமைப்புக்குப் போவார், போன நாளுக்கு அறிக்கை எழுதுவார், அந்த அறிக்கையை வைத்துப் பேராசிரியர் அவரோடு தனியே உட்கார்ந்து பேசுவார். படிப்பின் கடைசியில் ஏறக்குறைய ஒரு மாதம் தொடர்களப்பணி இருக்கும். அறிக்கையை வைத்து நடக்கும் அந்தத் தனிப் பேச்சு முக்கியம். "அந்த அம்மா அழுததும் நீ ஏன் பேச்சை மாற்றினாய்?" என்று ஒருவர் கேட்டால்தான், தனக்குச் சங்கடமாக இருந்ததால் மாற்றினோம் என்பதே மாணவருக்குப் புரியும்.

ஆள் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. முதுகலையில் இரண்டாமாண்டு சிறப்புப் பிரிவு வரும்: மருத்துவம்-மனநலம், சமுதாய மேம்பாடு, மனிதவள மேலாண்மை என்பன போன்றவை. மனிதவளம் படித்தவர் இரண்டாமாண்டு முழுக்கத் தொழிற்சாலையில் சம்பளப் பட்டியலும் பணியாளர் கோப்பும் பார்த்திருப்பார். சான்றிதழில் அவருக்கும் எம்.எஸ்.டபிள்யூ. என்றுதான் இருக்கும். அவரை எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தொடக்கப் பயிற்சி வேறு மாதிரி இருக்க வேண்டும். மிஷன் வாத்சல்யாவில் சமூகப் பணியாளர் பணியிடத்துக்குச் சமூகப் பணி, சமூகவியல் போன்றவற்றில் இளங்கலையே போதும், புறத்தொடர்புப் பணியாளருக்குப் பன்னிரண்டாம் வகுப்பு போதும் என்பதால், களப்பணியே செய்யாமல் வேலைக்கு வருபவர்களும் இருப்பார்கள்.

டாக்டருக்கும் வக்கீலுக்கும் இருப்பதுபோல எல்லாச் சமூகப் பணியாளருக்கும் பொதுவான உரிமம் இந்தியாவில் இல்லை. 2021-இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்களைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நலத்துறைக் களப்பணியாளர் அதற்குள் வரவில்லை. ஆகவே தகுதியைச் சோதிக்கும் பொறுப்பு முழுக்க நேர்காணல் அறையில்தான் இருக்கிறது. அங்கே சட்டப் பிரிவு எண்களைக் கேட்டு ஒப்பிக்கச் சொல்வதைவிட, மேலே சொன்ன பாட்டியின் மனுவைப் போல ஒன்றைக் கொடுத்து, "நீங்கள் முதலில் யாரைப் பார்ப்பீர்கள், என்ன கேட்பீர்கள்? நாற்பது நிமிடத்தில் ஒரு பக்கம் எழுதுங்கள்" என்று சொன்னால் ஆளைத் தெரிந்துவிடும். ஹோமில் சேர்க்கலாம் என்று முதல் வரியிலேயே எழுதுபவரும், அம்மாவின் ஃபோன் நம்பரைக் கேட்பவரும் தனித்தனியே நிற்பார்கள். இந்த மாவட்டத்துக்கு இன்னும் இரண்டு கேள்வி வேண்டும்: மலையாளம் புரியுமா, இருசக்கர வாகனம் ஓட்டுவாரா. விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் மலையாளம் தெரியாதவருக்கு வீட்டில் பேசுவதில் பாதி கைநழுவிவிடும்.

முதல் நான்கு வாரம்

சேர்ந்த அன்றே கோப்பைக் கையில் கொடுத்து "போய்ப் பார்த்துட்டு வாங்க" என்பது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. ஆள் குறைவாக இருக்கிற அலுவலகத்தில் அதன் அவசரம் புரிகிறது. ஆனால் முதல் மாதம் கற்காத பழக்கத்தைப் பிறகு யாரும் கற்பிப்பதில்லை.

முதல் வாரம் படிப்பதற்கும் பார்ப்பதற்கும். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவின் அமர்வில் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழு மாதத்தில் குறைந்தது 20 நாள் அமர வேண்டும் என்கிறது சட்டம். ஒருங்கிணைந்த சேவை மையம், அனைத்து மகளிர் காவல் நிலையம், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, கன்னியாகுமரி ரயில் நிலையம் என்று ஒவ்வொன்றுக்கும் அரைநாள். ரயில் நிலையம் எதற்கு என்று தோன்றும். நாட்டின் தொலைதூரத்திலிருந்து வரும் வண்டிகள் வந்து நின்றுவிடும் கடைசி நிலையம் அது. வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளை, மனநிலை சரியில்லாமல் ஏறி உட்கார்ந்தவர் என்று வழி தெரியாத யாரும் அதற்கு மேல் போக இடமில்லாமல் இறங்கும் இடம். அங்குள்ள ரயில்வே போலீசாரின் முகம் தெரிந்திருந்தால் இரவு பத்து மணிக்கு வரும் ஒரு ஃபோன் பாதி வேலையை முடித்துவிடும்.

இரண்டாம் வாரம் அனுபவம் உள்ளவரோடு கூடப் போவது, வாய் திறக்காமல். மூன்றாம் வாரம் புதியவர் பேச, பழையவர் பக்கத்தில் இருப்பது. நான்காம் வாரம் தனியே போய்வந்து, எழுதியதை அன்றே காட்டுவது. பெங்களூருவில் உள்ள மகளிர், குழந்தைகள் மேம்பாட்டுத் தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும், நிம்ஹான்ஸ் மனநல நிறுவனமும், மாநிலத் துறையும் நடத்தும் பயிற்சிகளுக்குப் பிறகு அனுப்பலாம். மூன்று மாதம் களத்தில் நின்றவருக்குத்தான் அந்த வகுப்பில் கேட்கக் கேள்வி இருக்கும். குற்றம் சாட்டப்பட்ட சிறார்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழும உறுப்பினர்களுக்குச் சட்டம் நியமனமான 60 நாளுக்குள் அறிமுகப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. களப்பணியாளருக்கும் அதே கண்டிப்பு வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

ஓர் அறிக்கை எப்படி உருவாகிறது

சமூக விசாரணை அறிக்கைதான் இந்த வேலையின் முதுகெலும்பு. ஒரு குழந்தை குழந்தைகள் நலக் குழு முன் வந்ததும் (காவலரோ வேறு யாரோ அழைத்து வந்தால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் வர வேண்டும்) குழு விசாரணைக்கு உத்தரவிடும். பணியாளர் 15 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். அதை வைத்துக் குழு நான்கு மாதத்துக்குள் இறுதி முடிவெடுக்கும். 2016 மாதிரி விதிகளில் இதற்குப் படிவம் 22 இருக்கிறது. குடும்பத்தார் விவரம், வருமானம், உடல்நலம், பள்ளி, அக்கம்பக்கத்தார் சொல்வது, குழந்தையின் விருப்பம், பணியாளரின் பரிந்துரை என நீளும் படிவம்.

கட்டங்களை நிரப்புவது எளிது. அதற்கு முன் நடப்பதுதான் கடினம், அங்கேதான் தப்பும் நடக்கிறது.

முதலில் நேரம். எந்த வீட்டில் எப்போது ஆள் இருக்கும் என்று தெரியாமல் போனால் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதான். குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் வெட்டுபவர்கள் விடியுமுன்னே தோட்டத்துக்குப் போய் முற்பகலில்தான் திரும்புவார்கள். அண்டியாபீஸ் எனப்படும் முந்திரி ஆலைக்குப் போகும் பெண்களைப் பகலில் வீட்டில் பிடிக்க முடியாது, மாலையிலோ ஞாயிறன்றோ பார்க்க வேண்டும். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர் ஒருமுறை கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் ஆகும். மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். அப்பாக்களும் மாமாக்களும் வீட்டில் இருப்பதற்கு அதிக வாய்ப்புள்ள அந்த இரண்டு மாதத்தை நல்ல பணியாளர் வீணாக்க மாட்டார். பேச்சிப்பாறையில் சில காணிப் பழங்குடிக் குடியிருப்புகளுக்கு அணை நீரைப் படகில் கடந்து போக வேண்டும். படகு திரும்பும் நேரம் தெரியாமல் போவது ஆபத்து.

அடுத்தது, எப்படிப் போவது. அரசு பலகை வைத்த ஜீப் ஒரு கடற்கரைத் தெருவில் போய் நின்றால் ஐந்து நிமிடத்தில் ஊருக்கே தெரிந்துவிடும். அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு வாய் திறக்காது. தெருமுனையில் இறங்கி நடந்து போவது நல்லது. பங்குத்தந்தை, ஊர்த் தலைவர், அங்கன்வாடிப் பணியாளர் என்று உள்ளூரில் நிறையத் தெரிந்தவர்கள் உண்டு. அவர்களிடம் பொதுவாகக் கேட்கலாம். ஆனால் எந்தக் குழந்தை, என்ன விஷயம் என்று சொல்லக் கூடாது. குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளியிட்டால் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். "இந்தப் பிள்ளைக்கு உதவுங்கள்" என்று நல்லெண்ணத்தில் போட்டோவை வாட்ஸ்அப் குழுவில் போடுவது கூடவே கூடாது.

பிறகு பேச்சு. குழந்தையைப் பாட்டி முன்னால் வைத்து "பாட்டி நல்லா பாத்துக்கிறாங்களா?" என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். தனியே, ஆனால் மற்றவர் பார்வையில் இருக்கும் இடத்தில், திண்ணையிலோ பள்ளி மைதான ஓரத்திலோ பேச வேண்டும். "காலையில எழுந்ததுலேருந்து ராத்திரி வரை என்னவெல்லாம் செய்வே?" என்ற ஒரு கேள்வி பத்துக் கேள்விக்குச் சமம். யார் சோறு வைக்கிறார்கள், யார் அடிக்கிறார்கள், எங்கே தூங்குகிறான் என்பதெல்லாம் அதில் தானாக வந்துவிடும். "நீ சொல்றத யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்கக் கூடாது. பாலியல் துன்புறுத்தல் பற்றிக் குழந்தை சொன்னால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் அதுவே குற்றம். "உனக்குப் பாதுகாப்பு தேவைப்பட்டா, உதவ முடியுறவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்படி ஒன்று வெளிவந்தால் நடந்ததைத் துருவித் துருவிக் கேட்பதும் கூடாது. அதைக் கேட்டுப் பதிவுசெய்ய வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஒரே கொடுமையை நான்கு பேரிடம் சொல்ல வைப்பது குழந்தையைத் திரும்பத் திரும்ப அதற்குள் தள்ளுவதாகும்.

கடைசியாக எழுத்து. "குடும்பச் சூழல் சரியில்லை" என்று எழுதினால் அதிலிருந்து குழு எதையும் தெரிந்துகொள்ள முடியாது. "ஓர் அறை வீடு. பாட்டிக்கு இடது கண் பார்வை மங்கல். காலையில் பையனே சோறு வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறான். ஜனவரி முதல் ஒன்பது நாள் விடுப்பு. அம்மா மாதம் மூவாயிரம் அனுப்புகிறார், பாஸ்புக் பார்த்தேன்" என்று எழுதினால் குழுவே பையனின் வீட்டைப் பார்த்ததுபோல் ஆகிவிடும். கண்டது, பிறர் சொன்னது, பணியாளர் நினைப்பது ஆகிய மூன்றையும் கலக்காமல் எழுதப் பழகுவதற்கு ஆறு மாதம் ஆகலாம். ஆகட்டும். குழந்தையின் வாழ்க்கையை மாற்றப்போவது அந்த வாக்கியங்கள்தான்.

எல்லை தாண்டிய வழக்குகள் இங்கே நிறைய வரும். கேரளக் குழந்தை களியக்காவிளையில் கிடைக்கலாம், இங்குள்ள பிள்ளை பாறசாலையில் கிடைக்கலாம். குழந்தையை அதன் சொந்த மாவட்டத்துக்கு மாற்றச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு வழி சொல்கிறது. அதற்கு அங்கிருந்து வீட்டு அறிக்கை வாங்க வேண்டும். இந்தப் பக்கத்துப் பணியாளருக்கு அந்தப் பக்கத்துப் பணியாளரை நேரில் தெரிந்திருப்பது கடிதப் போக்குவரத்தில் போகும் நாட்களைக் குறைக்கும்.

எத்தனை பேர் வேண்டும்: கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

"இன்னும் ஆள் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் எந்த நிதித்துறையும் கேட்காது. மணிக்கணக்கில் கேட்க வேண்டும். கீழே உள்ள எண்கள் கணக்கு போடும் முறையைக் காட்டுவதற்காக. உங்கள் அலுவலகத்தின் சொந்த எண்களை ஒரு மாதம் குறித்துவைத்து இதில் போட்டுப் பாருங்கள்.

மாதம் 22 வேலைநாள், நாளுக்கு 7 மணி நேரம்: 154 மணி. இதில் ஆய்வுக் கூட்டம், மாதாந்திர அறிக்கை, விழிப்புணர்வு முகாம், இல்லங்களை ஆய்வு செய்வது, மனுவுக்குப் பதில் தயாரிப்பது ஆகியவற்றுக்கு நாற்பது விழுக்காடு போகும் என்று வைத்தால் 62 மணி. மிச்சம் 92.

ஒரு புதிய சமூக விசாரணைக்கு: கோப்பைப் படித்து ஃபோனில் நேரம் குறிக்க 1 மணி. வீட்டுக்குப் போய்வர 4 மணி (வடசேரியில் பஸ் ஏறி மார்த்தாண்டத்தில் மாறி நீரோடி போனால் பயணமே அதைத் தின்றுவிடும்). பள்ளி, அக்கம்பக்கம் 2 மணி. அறிக்கை எழுத 3 மணி. குழு அமர்வு 2 மணி. ஆக 12 மணி. மாதம் நான்கு புதிய வழக்கு வந்தால் 48 மணி. இப்போது கையில் இருப்பது 44 மணி.

ஏற்கெனவே முடிவெடுத்த குழந்தைகளைத் தொடர்ந்து பார்ப்பதற்கு, பயணமும் குறிப்பு எழுதுவதும் சேர்த்து ஒரு முறைக்கு 3 மணி. 44-ஐ மூன்றால் வகுத்தால் பதினான்கு சொச்சம். அதாவது ஒரு பணியாளர் மாதம் நான்கு புதிய வழக்கும், மாதம் ஒருமுறை நேரில் பார்க்கும் பதினான்கு குழந்தைகளும் வைத்திருக்கலாம். இருவர் என்றால் மாவட்டம் முழுதுக்கும் எட்டும் இருபத்தெட்டும். ஆளுக்கு நான்கு புதிய வழக்கு என்ற இதே அளவில் நூறு குழந்தைகளைத் தொடர வேண்டியிருந்தால் ஏழு பேர் வேண்டும்.

ஏழு பேர் இல்லாதபோது நடப்பது எப்போதும் ஒரே வரிசையில்தான். புதிய வழக்குக்குச் சட்டம் வைத்த கெடு இருப்பதால் அதை விடமாட்டார்கள். தொடர் சந்திப்புக்குக் கெடு நெருக்காததால் அதுதான் முதலில் விழும். நேரில் பார்ப்பது ஃபோனாகும், ஃபோன் "நலம்" என்ற ஒற்றைச் சொல்லாகும். பிறகு வீட்டுப் பார்வை சுருங்கும். அதன் பிறகு பரிந்துரையே மாறும். குடும்பத்தோடு வைத்துத் தொடர்ந்து பார்ப்பதற்கு ஆள் இல்லாததால் இல்லத்தில் சேர்ப்பதே பத்திரம் என்று பணியாளருக்குத் தோன்றத் தொடங்கும். சட்டம் கடைசி வழி என்று சொன்னது ஆள் பற்றாக்குறையால் முதல் வழியாகிவிடும். பணியாளரின் மனசில் குறை இல்லை. மணி போதவில்லை.

இருக்கிற ஆட்களை வைத்தே செய்யக்கூடியது சில உண்டு. எல்லாக் குழந்தையையும் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியதில்லை. ஆபத்தில் இருப்பவர்களை வாரம் ஒருமுறையும், நிலைபெற்றவர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பார்க்கலாம். இதை மேலதிகாரியோடு பேசி எழுத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கத்திக் கேட்பவருக்கே நேரம் போகும், பேசாமல் இருக்கும் குழந்தை மறக்கப்படும். அகஸ்தீஸ்வரம், தோவாளை, ராஜாக்கமங்கலம், குருந்தன்கோடு ஒருவருக்கும், தக்கலைக்கு மேற்கேயும் மலைப்பக்கமும் மற்றவருக்கும் என்று பிரித்தால் எண்ணிக்கை சமமாக வரலாம், தூரம் சமமாக வராது. மேற்குப் பகுதிக்காரருக்குக் கோப்பு குறைவாகத்தான் இருக்க வேண்டும். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுக்கள் உயிரோடு இருக்கும் ஊர்களில் முதல் தகவல் சீக்கிரம் வரும். ஆனால் விசாரணையை அவர்களிடம் விட்டுவிட முடியாது.

2004 சுனாமியும் 2017 ஒக்கிப் புயலும் வந்த கரை இது. அப்படியான நேரத்தில் எந்தக் கணக்கும் நிற்காது. கடலில் காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் பொதுவாக ஏழு ஆண்டு காக்கச் சொல்கிறது. அதற்கு முன் மனைவிக்கு இறப்புச் சான்றிதழ் எளிதில் கிடைக்காது. அதுபோன்ற குடும்பங்களுக்கு முதல் வாரம் ஆயிரம் பேர் வருவார்கள், ஆறாவது மாதம் யாரும் வரமாட்டார்கள். அண்டை மாவட்டப் பணியாளர்களை யார், எத்தனை வாரம் அனுப்புவது என்பதை அமைதியான காலத்திலேயே எழுதி வைத்திருக்க வேண்டும்.

மேற்பார்வை

இந்தச் சொல்லைக் கேட்டதும் வருகைப் பதிவேடும் கண்டிப்பும் நினைவுக்கு வரும். சமூகப் பணியில் அதன் பொருள் வேறு. வாரம் ஒரு மணி நேரம், கதவை மூடிக்கொண்டு, கோப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவது. எது நின்றுபோயிருக்கிறது, ஏன் இப்படி முடிவெடுத்தீர்கள், எந்த வீட்டுக்குப் போகத் தயக்கமாக இருக்கிறது என்ற மூன்று கேள்வி போதும். மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் பணியாளர் தள்ளிப்போடும் வீட்டில்தான் பெரும்பாலும் அபாயம் இருக்கிறது. நாய் இருக்கலாம், குடித்துவிட்டு மிரட்டும் மாமா இருக்கலாம், சொந்தத் துயரத்தை நினைவூட்டும் ஏதோ ஒன்று இருக்கலாம். முதல் சந்திப்புக்கு இருவராகப் போவது, கிளம்பும் நேரமும் திரும்பும் நேரமும் பதிவேட்டில் எழுதுவது, திரும்பாவிட்டால் யார் ஃபோன் செய்வது என்று முடிவு செய்து வைப்பது ஆகியவை செலவில்லாத ஏற்பாடுகள்.

மேலதிகாரி சமூகப் பணி படிக்காதவராக இருந்தால், மாதம் ஒருமுறை கல்லூரிப் பேராசிரியரையோ மனநலச் சமூகப் பணியாளரையோ அழைத்து வழக்கு ஆலோசனை நடத்தலாம், பெயர்களை மறைத்து.

ஆள் மாறும்போது

மிஷன் வாத்சல்யாவில் சமூகப் பணியாளருக்குத் தொகுப்பூதியம் மாதம் 18,536 ரூபாய், புறத்தொடர்புப் பணியாளருக்கு 10,592 ரூபாய். வேலை ஒப்பந்த அடிப்படையில். முதுகலை படித்து இருசக்கர வாகனத்தில் மாவட்டம் சுற்றுபவர் இதை வைத்துக் குடும்பம் நடத்துவது கடினம். டி.என்.பி.எஸ்.சி. தேர்விலோ வேறு எதிலோ கிடைத்ததும் போய்விடுகிறார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒருவர் போய் அடுத்தவர் வரும்வரை பணியிடம் காலியாக இருந்தால் இரண்டு ஒன்றாகிறது, மேலே போட்ட கணக்கு பாதியாகிறது. சம்பளத்தை மாவட்டம் மாற்ற முடியாது. அறிவிப்பை முன்கூட்டியே தயாராக வைத்துக் காலி நாட்களைக் குறைக்க முடியும். போகிறவர் ஒவ்வொரு குழந்தையின் வீட்டுக்கும் புதியவரைக் கூட்டிப்போய் ஒருமுறை அறிமுகப்படுத்த முடிந்தால் மிக நல்லது. முடியாவிட்டால் ஒவ்வொரு கோப்பின் மேலும் அரைப்பக்க ஒப்படைப்புக் குறிப்பு கட்டாயம். அடுத்த தேதி, கவனிக்க வேண்டிய ஆபத்து, நம்பிக்கையான உள்ளூர் ஆள், குழந்தைக்குக் கொடுத்த வாக்கு ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். நான்காவதைத்தான் அதிகம் மறக்கிறார்கள், குழந்தை அதை மட்டும் மறப்பதில்லை.

பாட்டியின் மனு இருக்கும் கோப்பில் அந்தக் குறிப்பு இப்படி இருக்கலாம்: "நிதி ஆதரவுக்கு விண்ணப்பம் கொடுத்தாயிற்று, ஒப்புதல் குழு அடுத்த மாதம். அம்மாவின் வருமானச் சான்று இன்னும் வரவில்லை. பாட்டிக்கு ஆசாரிப்பள்ளத்தில் கண் பரிசோதனைக்குத் தேதி வாங்க வேண்டும், பார்வை போனால் வீட்டு நிலை மாறும். சித்தப்பா கடலில் இருக்கிறார், ஜூனில் வருவார், பையனை வைத்துக்கொள்ளச் சம்மதமா என்று அப்போது கேட்க வேண்டும். வகுப்பு ஆசிரியையிடம் பேசலாம். தடைக்காலம் தொடங்கியதும் முதல் சனிக்கிழமை வருவேன் என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன்."